வாழைப்பழத்துக்கும் தொண்ணூற்றெட்டு

அத்தியாயம் பதினொன்று

தன் சட்டையைத் தானே துவைக்கிற மனிதர் இல்லை சூசைராஜ்.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டுத் துவைகல்லை அவர் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, மனைவி ஞானம்மா பூசைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, நீலச் சீருடைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். போன வார அத்தியாயத்தின் முடிவில் ஷாலின் மாடிப்படியில் நின்றபடி பார்த்துத் திகைத்தது இந்தக் காட்சியைத்தான்.

ஷாலின் நர்சிங் இரண்டாம் ஆண்டு. வாரக் கடைசியில் மட்டும் ஹாஸ்டலிலிருந்து வடக்குப்பட்டு வீட்டுக்கு வருவாள். கீழ்த்தளத்தில் குடும்பம், மாடியில் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள். அப்பாவும் அண்ணன் வில்சனும் ஒரகடத்தில் ஒரே எவர்சில்வர் உதிரிபாகக் கம்பெனியில், ஒரே ஷிப்டில் வேலை. அப்பா ஆசிட் தொட்டி பார்ப்பவர். வில்சன் அந்த லைனுக்குப் பொறுப்பு. ஐந்து வருடமாகக் கான்ட்ராக்டில் இழுபட்டவனுக்கு நாளைக்குத்தான், திங்கட்கிழமை, பர்மனெண்ட் ஆர்டர் கைக்கு வரப்போகிறது.

ஷாலின் இறங்கி வந்தாள்.

"இன்னாப்பா நீ துவைக்கிற? அம்மா வந்தா பாத்துக்கும்ல?"

சூசைராஜ் திடுக்கிட்டுத் திரும்பினார். இருமினார். சின்ன இருமல்தான்.

"சும்மாடா கண்ணு. கறை பட்டுச்சி."

"கையில இன்னா மஞ்சளா கீது?"

அவர் விரல்களை மடக்கிக்கொண்டார். "கிரீஸு."

"கிரீஸ் கறுப்பா இருக்கும்ப்பா."

அவள் அவர் கையைப் பிடித்து விரித்தாள். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் மஞ்சள். மஞ்சள்தூள் போலத் தோலின் மேல் பூசியது அல்ல, தோலே மஞ்சளாகியிருந்தது. சோப்புக்கு அசையவில்லை.

பிளஸ் டூ வேதியியல் லேபில் ஒரு பெண்ணின் விரல் இப்படி ஆனதை ஷாலின் பார்த்திருக்கிறாள். நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால், தோலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து இந்த மஞ்சளை உண்டாக்கும். தேய்த்தால் போகாது. பழைய தோல் உதிர்ந்து புதுத் தோல் வந்தால்தான் போகும்.

"கம்பெனில இன்னாப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"சொல்லலன்னா அம்மாவ வுட்டுக் கேக்கச் சொல்லுவேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. சூசைராஜ் கல்லின் மேல் உட்கார்ந்து, சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

எவர்சில்வர் பாகங்களை அழுக்குப் போக முக்கியெடுக்கிற தொட்டி அது. உள்ளே நைட்ரிக் அமிலம். மேலே ஓடும் கிரேனிலிருந்து ஒரு செம்புக் கேபிள் துண்டு அறுந்து தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எவர்சில்வர் அந்த அமிலத்துக்கு அசையாது. செம்பு அப்படியில்லை. பட்ட உடனே பொங்கும்.

"டீ டிக்காஷன் நெறத்துல புகை. குபுகுபுன்னு வந்துச்சி. கொக்கி போட்டு எடுத்துட்டோம். கொஞ்சம் இருமல். தண்ணி குடிச்சேன், போயிடுச்சி. இப்ப பாரு, கல்லு மாதிரி கீறேன்."

"ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போனியா?"

சூசைராஜ் சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"நாளைக்கு ஆயிரம்மா," என்றார் மெதுவாக.

அந்த ஆயிரம் என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே சிவப்பு விளக்கில் எண் எரியும். தினமும் ஒன்று கூடும். யாராவது கையைக் கிழித்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனால், மறுநாள் காலை அந்த எண் பூஜ்யம். நல்ல நோக்கத்துக்காக வைத்த பலகைதான். ஆனால் எண் ஏற ஏற, ஆட்களுக்கு விபத்தைவிடப் பூஜ்யத்தின் மேல் பயம் அதிகமாகிவிட்டது. விரலில் ரத்தம் வந்தால் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நாளைக்கு எண் ஆயிரம். பந்தல், மேடை, ஆளுக்கொரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதே மேடையில்தான் வில்சனுக்கு ஆர்டர்.

"அம்மாகிட்ட மூச்சு விடாத," என்றார் அப்பா.

ஷாலின் தலையாட்டினாள். ஆனால் கால் தன்னால் உள்ளே ஓடியது.

அவளுடைய டேப்லெட் செகண்ட் ஹேண்டில் வாங்கியது; ஒரு மூலையில் கண்ணாடி விரிந்திருக்கும். நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பாதிப் புத்தகப் பை அதற்குள்தான் இருக்கிறது. மருந்துகளின் அளவைச் சொல்ல ஒரு ஆப். சொட்டு மருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போட ஒரு ஆப். எலும்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஒன்று. சீனியர் அக்கா ஒருத்தி, "தொழிற்பேட்டைப் பொண்ணு நீ, உனக்கு இது உதவும்," என்று ஏற்றிக்கொடுத்த ரசாயனக் கையேடு ஒன்று. அதைத் திறந்தே பல மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கையேட்டின் அழகு என்னவென்றால், பெயர் தெரியாவிட்டாலும் தேடலாம். பொருளின் நிறம், வாசனை, எங்கே நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இணையமும் வேண்டாம். அவள் 'வாயு' என்பதைத் தொட்டாள். 'பழுப்பு' என்பதைத் தொட்டாள். 'அமிலமும் உலோகமும்' என்பதைத் தொட்டாள். பெரிய பட்டியல் சுருங்கிச் சுருங்கி ஒரே பெயரில் வந்து நின்றது. நைட்ரஜன் டை ஆக்சைடு.

படித்தாள்.

குளோரின் போன்ற புகை மூக்கையும் கண்ணையும் எரித்து ஆளை விரட்டிவிடும். அதுவே ஒரு பாதுகாப்பு. இந்தப் பழுப்புப் புகை அப்படியில்லை. தண்ணீரில் சட்டென்று கரையாது. அதனால் ஈரமான மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேராக நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கிவிடும். அங்கே உட்கார்ந்து மெல்ல மெல்ல அமிலமாகும். காற்றுப் பைகளின் சுவரை அரிக்கும். மணிக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு சுவர் கசியும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் ஏறும். வெளியே ஒரு குளம் குட்டை இல்லாமலே ஆள் உள்ளுக்குள் மூழ்குவான்.

கடைசியில் சிவப்புக் கட்டத்துக்குள் இரண்டு வரி. ஆள் நன்றாக இருப்பதை நம்பாதே. ஒரு நாளுக்கு மேல் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு வேண்டும். உடம்பை அசைக்கிற எந்த வேலையும் கூடாது.

கூடத்தில் அப்பா தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷாலின் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். இன்னொரு ஆப்பைத் திறந்தாள். அது மூச்சை எண்ணுவதற்கானது. திரையில் ஒரு பெரிய வட்டம். எதிரே இருப்பவரின் நெஞ்சு ஏறும் ஒவ்வொரு தடவையும் வட்டத்தைத் தட்ட வேண்டும். சில தட்டலிலேயே நடுவில் உள்ள இடைவெளிகளைக் கணக்குப் போட்டு நிமிடத்துக்கு எத்தனை என்று சொல்லிவிடும். அதோடு, திரையில் ஒரு பொம்மை அதே வேகத்தில் மூச்சு விட்டுக் காட்டும். பொம்மையும் ஆளும் ஒன்றாக ஏறி இறங்கினால் நாம் தட்டியது சரி.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. இதயம் நம் பேச்சைக் கேட்காது, மூச்சு கேட்கும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்த நிமிடமே அது ஒழுங்குப்பிள்ளையாகிவிடும். அதனால் நர்சுகள் நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைத்து மூச்சை எண்ணுவார்கள். திருட்டுத்தனமாக எண்ண வேண்டிய ஒரே அளவு அதுதான்.

"இன்னா அது, டொக்கு டொக்குன்னு?"

"கேமுப்பா. பபிள் உடைக்கிறது."

"படிக்கிற வயசுல கேமு."

பதினெட்டு. நல்ல எண்தான். பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரைக்கும் பயமில்லை. பொம்மை நிதானமாக மூச்சு விட்டது. ஷாலினும் விட்டாள்.

வில்சன் கறிக்கடைப் பையோடு வந்தான்.

"இன்னா டாக்டரம்மா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?"

அவள் அவனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தட்டு எடுப்பது போலக் குனிந்து, "அப்பாவுக்குப் புகை பட்டது உனக்குத் தெரியுமா?" என்றாள்.

வில்சனின் முகம் ஒரு கணம் அணைந்தது. பிறகு குழாயைத் திறந்து கறியைக் கழுவத் தொடங்கினான்.

"கொஞ்சம் புகை. லைன்ல தினம் இன்னா ஊதுபத்தியா கொளுத்தறாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணா. இப்பவே. ஒண்ணும் தெரியாம இருந்து திடீர்னு மூச்சு முட்டும்னு போட்டுக்கீது."

"யாரு போட்டுக்கீது? உன் டேப்லெட்டா? எனக்குத் தலவலின்னு போட்டா கான்சர்னு சொல்லும் அதுங்க." குரலைத் தாழ்த்தினான். "ஷாலு, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் தாண்டிட்டா, நானே ஸ்கேன்லாம் எடுத்துத் தரேன். இன்னிக்கு ஆஸ்பத்திரில கம்பெனிப் பேரச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள சேஃப்டி ஆபீசருக்குப் போன் போயிடும். என் லைன்ல நடந்தது. நான் சொல்லாம மறச்சது. ஆர்டர் இன்னா, கேட்டுக்குள்ளயே வுடமாட்டான்."

அதற்குள் பூசை முடிந்து ஞானம்மா வந்துவிட்டாள். நுழையும்போதே கணவனின் இருமல் காதில் விழுந்தது.

"இன்னாங்க, சளியா? கொடில சட்ட ஈரமா தொங்குது? யாரு துவச்சது?"

தாய்மார்களுக்குப் பதில் தேவைப்படுவதில்லை. ஞானம்மா மூன்று முகங்களையும் பார்த்தாள். ஷாலின் கால்வாசி சொன்னதும் மீதியைப் புரிந்துகொண்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கொரோனா அப்ப வாங்கினமே, விரல்ல மாட்டற மெஷினு? எங்க வச்சேன்?"

அலமாரியின் மேல்தட்டில் கிடைத்தது. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

"அது எதுக்கு? இரு," என்றான் வில்சன். அவன் போனிலும் அப்பா போனிலும் கம்பெனி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் கேமராவை மூடியிருந்தது; உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதற்காக. அதனால் அம்மாவின் போனை வாங்கி ஒரு ஆப்பை இறக்கினான். "கேமரா மேல வெரல வச்சா ஆக்சிஜன் காட்டும். மாடி ரூம் பசங்க எல்லாம் வச்சிகிறாங்க. அப்பா, வெரலக் குடு."

சூசைராஜின் விரல் கேமராவின் மேல். பின்னாலிருந்த விளக்கு எரிய, விரல் நுனி சிவந்து ஒளிர்ந்தது. திரையில் ஒரு இதயம் துள்ளியது. அலை ஓடியது. பிறகு பச்சை நிறத்தில் பெரிதாக எழுந்தது எண். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா!" வில்சன் கைதட்டினான்.

"மாதாவே, காப்பாத்திட்டம்மா," என்று ஞானம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சாப்பாடு வைக்கறேன் இருங்க."

சூசைராஜ் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஷாலினுக்குத்தான் நிம்மதி வரவில்லை. விரலில் மாட்டும் கருவிக்குள் இரண்டு விளக்குகள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஒன்றை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மற்றொன்றை. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எண்ணே வரும். போனின் பின்னால் இருப்பதோ வெறும் டார்ச் விளக்கு. ஒற்றைத் தட்டு மட்டும் உள்ள தராசில் எதை நிறுப்பது?

பழக்கூடையில் பூவன் பழம் இருந்தது. ஒன்றைப் பிய்த்தாள். அம்மாவின் போன் கேமராவின் மேல் வைத்து அழுத்தினாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றான் வில்சன்.

இதயம் துள்ளியது. அலை ஓடியது. எண் எழுந்தது.

தொண்ணூற்றெட்டு.

குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த ஞானம்மா பழத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இவரோடது..." என்று இழுத்தாள்.

"நமக்குத் தெரியலம்மா. அவ்ளோதான். ஒண்ணுமே தெரியல."

"அதான், ஆக்சிஜன் எறங்காமயும் இருக்கலாம்ல," என்றான் வில்சன். குரல் பிசிறியது. "ஷாலு, கொஞ்சம் பொறுடி. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். பயமுறுத்தாத."

"நீ பயப்படறது யாருக்குண்ணா? அப்பாவுக்கா, போர்டுக்கா?"

"வாய மூடுடி! யாருக்காக நாயா உழைக்கிறேன்? உன் ஃபீசு யாரு கட்டறா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்று அதட்டினாள் ஞானம்மா. "அவரு எங்க?"

சோபா காலியாக இருந்தது.

வாசலில் தண்ணீர் வண்டி வந்து நின்றிருந்தது. மாடி அறைக்காரர்களுக்கான கேன்களை ஞாயிறுதோறும் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வைப்பது சூசைராஜின் வழக்கம். பிள்ளைகள் சண்டையைக் கேட்கச் சகிக்காத மனிதர், சத்தமில்லாமல் எழுந்து, ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறியிருந்தார்.

உடம்பை அசைக்கிற எந்த வேலையும் கூடாது.

"அப்பா!" ஷாலின் பாய்ந்தாள்.

நடுப்படியில் கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாக எண்ண வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அவர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. ஷாலின் தட்டத் தட்ட, திரையிலிருந்த பொம்மை ஓடிக் களைத்த நாயைப் போல விசுக் விசுக்கென்று மூச்சு விட்டது. முப்பத்து நான்கு.

"ஒண்ணுமில்ல... கண்ணு... படி... ஏறினது..."

வார்த்தைக்கு வார்த்தை நின்றார். துண்டால் வாயைத் துடைத்தார். துண்டில் நுரை. சோப்பு நுரை மாதிரி. அதில் ரோஜா நிறம் லேசாக ஓடியிருந்தது.

வில்சன் அந்தத் துண்டைப் பார்த்தான். செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி, வாடகைக் கார் ஓட்டும் டில்லிபாபுவின் காரை அவனையும் சேர்த்து இழுத்து வந்தான்.

"நடக்க விடாதீங்க. நாற்காலில உக்கார வச்சித் தூக்குங்க," என்றாள் ஷாலின். தன் குரல் இவ்வளவு உறுதியாக வருவது அவளுக்கே அந்நியமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரே ஒரு நினைப்புதான் சுழன்றது. காலையிலேயே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

காரில் சூசைராஜ் சீட்டில் சரியப் பார்த்தார். "படுத்துக்கறேம்மா."

"படுக்கக் கூடாதுப்பா. நிமிர்ந்து ஒக்காரு. என் மேல சாஞ்சிக்கோ."

படுத்தால் நுரையீரலில் ஊறிய நீர் முழுவதுமாகப் பரவும். உட்கார்ந்தால் அடியில் தேங்கி, மேல்பகுதியாவது காற்றுக்கு மிஞ்சும். அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல நேரமில்லை. அப்பாவின் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சின் அடியிலும் ஒரு மெல்லிய கொறகொறப்பு அவள் விலா எலும்பில் அதிர்ந்தது. ஞானம்மா முன்சீட்டில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரகடம் சந்திப்பில் புதுக் கார்களை அடுக்கிய நீள டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. டில்லிபாபு ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை.

"ஏய், வுடுங்கடா! உயிரு போவுதுடா!"

ஸ்ரீபெரும்புதூர் தனியார் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் நிஜமான கருவி விரலைக் கவ்வியது. எண்பத்தொன்று. எண் வந்த வேகத்திலேயே முகமூடி ஏறியது, ஆக்சிஜன் சீறியது. டியூட்டி டாக்டர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன ஆச்சு? எப்ப இருந்து?"

முகமூடிக்குள்ளிருந்து சூசைராஜ் முந்திக்கொண்டார். "சளிங்க... நேத்து... ஐஸ்வாட்டர்..."

"நைட்ரஜன் டை ஆக்சைடு மேடம்," என்றாள் ஷாலின். "கம்பெனி ஆசிட் தொட்டி. செம்பு விழுந்திருக்கு. விரலப் பாருங்க."

டாக்டர் மஞ்சள் விரலைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "எவ்வளவு நேரம் உள்ள இருந்தார்? மாஸ்க் இருந்துதா? நீ கூட இருந்தியாம்மா?"

ஷாலினுக்குத் தெரியாது. தெரிந்தவன் சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். திரையில் சேஃப்டி ஆபீசரின் பெயர். நாளைய மேடைக்கு யார் யார் எங்கே நிற்பது என்று கேட்கத்தான் இருக்கும்.

சூசைராஜ் முகமூடிக்கு மேலிருந்த கண்ணால் மகனைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அந்தத் தலையசைப்புதான் வில்சனை உடைத்தது.

"சார்," என்றான் போனில். "அப்பா ஆஸ்பத்திரில கீறாரு. ராத்திரி டேங்க்ல கேஸ் வந்துது. நான்தான் ரிப்போர்ட் பண்ணல. ஆமா சார். நாளைக்கு போர்ட ஜீரோவுல வைங்க." போனை அணைத்தான். டாக்டரிடம் திரும்பினான். "பத்து நிமிசம் இருந்திருப்பாரு மேடம். தூசிக்குப் போடற துணி மாஸ்க்தான். ஃபேன் ரிப்பேரு."

"சரி. இன்னும் சில மணி நேரம் ரொம்ப முக்கியம். தேவைப்பட்டா வென்டிலேட்டர் போடுவோம்." டாக்டர் நர்சிடம் வேகமாக ஏதோ சொல்லிவிட்டு, மறுபடி அவனைப் பார்த்தார். "தம்பி, அவர் மட்டும்தானே?"

வில்சனின் பார்வை வாசல் பக்கம் போனது.

"உள்ள வேற யாராவது இருந்தாங்களா?"

"மாசானம்னு ஒருத்தன்," என்றான். "திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆவுது. கேபிள எடுக்கறேன்னு முதல்ல தொட்டி மேல சாஞ்சவன் அவன்தான். அப்பா அவன இழுக்கத்தான் புகைக்குள்ள போனாரு. இருமினான். நான்தான் சொன்னேன், ரூமுக்குப் போயி நல்லா தூங்குடா, சரியாயிடும்னு."

ஷாலின் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "நம்பர் எது?"

நீண்ட நேரம் அடித்தது. நிற்கப்போகும் கடைசி நொடியில் யாரோ எடுத்தார்கள்.

"அலோ? யாருங்க?"

"மாசானம் இருக்காரா?"

"நான் ரூம்மேட் சுபாஷ் பேசுதேன். அவன் காலைல வந்து படுத்தவந்தான், இன்னும் எந்திரிக்கல. பிரியாணி வாங்கியாந்து எழுப்பிப் பாத்தோம், அசையல. நைட் ஷிப்ட்லா, கெடக்கட்டும்னு விட்டுட்டோம்."

"ரூம் எங்க?"

"சுங்குவார்சத்திரம். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால, மூணாவது மாடி. நீங்க யாருக்கா?"

டாக்டர் ஏற்கெனவே ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வில்சன் டில்லிபாபுவின் கார்ச் சாவியைப் பறித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினான்.

"சுபாஷ், போன அவரு வாய்கிட்டக் கொண்டு போங்க."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. குறட்டை அல்ல. கிளாஸின் அடியில் மிஞ்சிய ஜூஸை ஸ்ட்ராவால் உறிஞ்சும் சத்தம்.

"எழுப்பி உக்கார வைங்க. முதுகுக்குத் தலகாணி குடுங்க. நடக்க விடாதீங்க. ஆம்புலன்ஸ் வருது."

"ஏல மாசானம்! ஏல, எந்தில! தூக்கிட்டேங்க்கா... தல நிக்க மாட்டேங்கே." சுபாஷின் குரலிலிருந்த தூக்கமெல்லாம் போயிருந்தது. எங்கோ சுவிட்ச் தட்டுகிற ஒலி கேட்டது. லைட் போட்டிருக்க வேண்டும்.

"அக்கா," என்றான் அவன் மிக மெதுவாக. "இவன் ஒதடு ஏன்க்கா நாவப்பழம் தின்னவன் மாதிரி இருக்கு?"